மாணவர் குழுவாக வீடியோ கேம் செய்யப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்டுக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்தோம். சரியாகச் சொன்னால் இரண்டு: முதலாவது முடியவில்லை, இரண்டாவது முடிந்தது. அதிலிருந்து ஆண்டுதோறும் ஜூனியர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடு அழைக்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

எங்களிடம் அருமையான கதை ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கதையை ஓரமாக எடுத்துவைப்பதிலிருந்து.

எங்கள் முதல் கேம் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. 1025-ஆம் ஆண்டு, நாகப்பட்டினத்துக் கரை, கப்பற்படை, புயல், ஒற்றர்கள் என்று எதையும் விடவில்லை. நாற்பது பக்கத்துக்குக் கதை எழுதினோம். லோகோ வரைந்தோம். வாட்ஸ்அப் குழுவின் பெயரை மூன்று முறை மாற்றினோம். இரண்டாவது ரிவியூவின்போது திரையில் ஒரே ஒரு கப்பல் இருந்தது. அதுவும் இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும். புராஜெக்டை வழிநடத்தும் ஆசிரியரான கைடு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

கேமுக்குக் கதை கூடாது என்று நான் சொல்லவில்லை. கதை எழுதும்போது வேலை நடப்பது போன்ற நிறைவு கிடைக்கிறது, ஆனால் விளையாட எதுவும் இருக்காது. எனவே முதல் இரண்டு வாரத்துக்குள் கட்டங்களும் வட்டங்களும் மட்டுமே உள்ள, ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடி ஒருவர் ஜெயிக்கக்கூடிய ஏதோ ஒன்றைச் செய்துவிடுங்கள். அது பிடித்திருந்தால் பிறகு கப்பலை ஏற்றலாம்.

எவ்வளவு சிறியதாக இருந்தால் ஒரு செமஸ்டருக்குள் முடியும்?

நீங்கள் நினைப்பதில் கால்வாசி. இது மிகையில்லை.

கப்பலைக் கைவிட்டபோது எங்களிடம் எட்டு வாரம்தான் மீதி இருந்தது. குழுவில் ஒருவன் விடுதி வராந்தாவில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் போட்டான். புலிக்கு மூன்று பாட்டில் மூடி, ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. அன்று இரவு மூன்று மணி நேரம் ஆடினோம். அதுதான் எங்கள் இரண்டாவது கேம்.

ஏன் பொருந்தியது என்று சொல்கிறேன். கட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் சுற்றி வளைத்துப் புலிகளை நகரவிடாமல் அடைக்கும். இருபக்கத்துக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு நோக்கம். விதிகளைத் தாளின் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். கோயில் மண்டபங்களின் கல்தரையில் வெட்டிவைத்திருக்கும் ஆட்டத்துக்கு யாரும் உரிமை கேட்டு வரப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை உண்டு. ஊருக்கு ஊர் விதி மாறும். எல்லா ஆடுகளையும் இறக்கி முடிக்கும் முன்பே புலி வெட்டலாமா, எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பதிலேயே எங்கள் நால்வருக்குள் இரண்டு கட்சி. ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டு, முடிவு செய்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாள்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

பல்லாங்குழி, தாயம், பரமபதம் எதை எடுத்தாலும் சரிதான். சொந்தமாக யோசித்த ஆட்டமாக இருந்தாலும் சரிதான். தரையில் வைத்து ஆடிப் பார்க்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

மூன்று அல்லது நான்கு. நான்கு பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 6. எட்டுப் பேர் என்றால் 28. ஆள் இரட்டிப்பானால் வேலை பாதியாகும் என்ற கணக்கு சுவர் கட்டுவதற்கு ஓரளவு பொருந்தும், கேமுக்குப் பொருந்தாது.

நான்கு பேரும் கோடிங் செய்கிறேன் என்று வந்தால் யோசியுங்கள். திரையில் தெரிவதை வரைய ஒருவர், ஒலியும் பட்டன்களும் பார்க்க ஒருவர், ஆட்டத்தின் தர்க்கத்தை எழுத ஒருவர். நான்காவது ஆள் தினமும் ஆடிப் பார்த்துப் பிழைகளைக் குறித்துவைத்து, ரிப்போர்ட்டையும் கூடவே எழுதிக்கொண்டு வர வேண்டும். இந்த நான்காவது வேலையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எங்கள் குழுவில் அதைச் செய்தவள் இல்லையென்றால் கடைசி வாரத்தில் மூழ்கியிருப்போம்.

யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா?

மூன்றும் கேம் செய்ய உதவும் மென்பொருள்கள், எஞ்சின் என்பார்கள். இந்தக் கேள்வியில் ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள். குழுவில் யாருக்காவது ஓர் எஞ்சின் ஏற்கெனவே நன்றாகத் தெரியும் என்றால் அதுதான் விடை.

யாருக்கும் எதுவும் தெரியாது என்றால், இருபரிமாணக் கேமுக்கு நான் கோடோவைச் சொல்வேன். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் தொடங்கி, 2014-இல் திறந்த மூலமாக வெளியிட்ட எஞ்சின் அது. எம்ஐடி உரிமம், யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. நிறுவக்கூட வேண்டாம், ஜிப்பை விரித்து இருமுறை சொடுக்கினால் திறந்துகொள்ளும். அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தான் படித்தவர்களுக்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

யூனிட்டிக்குப் பயிற்சிக் காணொளிகளும் வேலைவாய்ப்பும் அதிகம், அதை மறுக்க முடியாது. ஆனால் 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம் கேம் நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்து, உலகம் முழுக்கச் சிறு குழுக்களின் கோபத்தைச் சம்பாதித்தது. ஓராண்டு கழித்து 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. மாணவர் புராஜெக்ட்டுக்கு அந்தக் கட்டணம் எப்படியும் வந்திருக்காது. அன்ரியலில் ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீதம் கேட்பார்கள். அந்தக் கவலை உங்களுக்கு வந்தால் எனக்கு விருந்து வையுங்கள்.

என் லேப்டாப் பழையது. தாங்குமா?

இருபரிமாணக் கேம் என்றால் பெரும்பாலும் தாங்கும். கோடோ 4-இல் புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே 'காம்பாட்டிபிலிட்டி' என்ற ரெண்டரரை, அதாவது திரையில் படத்தை வரையும் பகுதியை, தேர்ந்தெடுங்கள். பழைய கிராபிக்ஸ் சில்லுகளுக்கென்றே அது இருக்கிறது. ஆண்ட்ராய்டு கோப்பாக ஏற்றுமதி செய்ய ஜாவாவும் ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பும் தனியாக வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் போகும், ரிவியூவுக்கு முந்தைய இரவில் தொடங்காதீர்கள்.

நான்கு பேர் ஒரே கேமில் எப்படி வேலை செய்வது? பென் டிரைவ் போதாதா?

போதாது. கப்பல் காலத்தில் எங்களிடம் 'பைனல்', 'பைனல் 2', 'இதுதான் பைனல்' என்று மூன்று கோப்புறைகள் இருந்தன. கப்பல் வலப்பக்கம் திரும்பிய ஒரே நாளின் நிரல் இவற்றில் எதிலுமே இல்லை.

கிட் கற்றுக்கொள்ளுங்கள்: யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைத்து, எல்லாருடைய நிரலையும் இணைக்கும் கருவி அது. முதல் வாரம் ஆறு கட்டளைகள் தெரிந்தால் போதும். அந்தக் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் தனிப்பட்ட களஞ்சியம் இலவசம். ஆனால் ஒரு கோப்பு 100 எம்பிக்கு மேல் இருந்தால் ஏற்காது, எனவே எடிட் செய்யாத நீண்ட ஒலிப்பதிவுகளை அங்கே கொட்டாதீர்கள். எஞ்சின் தானாக உருவாக்கும் தற்காலிகக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டால், நாலு பேர் கணினியும் நாலு விதமாகச் சண்டை போடும்.

கோடோவில் கேமின் ஒவ்வொரு பகுதியையும் வைத்திருக்கும் சீன் கோப்புகள் வெறும் உரைக் கோப்புகள்தான். அதனாலேயே இருவர் ஒரே சீனைத் திருத்திவிட்டு இணைக்க முயன்றால் பல நூறு வரி மோதலாக வந்து நிற்கும். பலகை ஒரு சீன், காய் ஒரு சீன், மெனு ஒரு சீன் என்று பிரித்து, இன்று எது யாருடையது என்று காலையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். எங்களுக்குத் தொழில்நுட்பத்தைவிட அந்த ஒரு வரிதான் அதிகம் உதவியது.

யாருக்கும் படம் வரையத் தெரியாது. இணையத்தில் எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், உரிமத்தைப் படித்துவிட்டு. கென்னி என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான கேம் படங்கள் சிசி0 என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன: பெயர் கூடக் குறிப்பிட வேண்டியதில்லை. சிசி-பிஒய் என்றால் உருவாக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். என்சி என்று இருந்தால் விற்கக் கூடாது. ஒவ்வொரு படத்தையும் ஒலியையும் இறக்கும்போதே எங்கிருந்து, யாருடையது, என்ன உரிமம் என்று ஒரு விரிதாளில் குறித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

சினிமாப் பாட்டு வேண்டாம். பத்து விநாடிக்குள் இருந்தால் சட்டப்படி தப்பில்லை என்பது விடுதிகளில் தலைமுறை தலைமுறையாக உலவும் புரளி; நம் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பத்து விநாடி கிடையாது. எங்கள் கேமில் ஆட்டின் சத்தம் விடுதிக்குப் பின்னால் மேய்ந்த உண்மையான ஆட்டினுடையது. போனில் பதிவு செய்தோம். புலியின் உறுமல் எங்கள் குழுவில் ஒருவனுடையது. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

கேமுக்குள் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதே?

இதில் பலர் மாட்டுகிறார்கள், எனவே கொஞ்சம் விரிவாக.

எங்கள் கேமில் ஆட்டம் முடிந்ததும் 'புலி வென்றது' என்று வர வேண்டும். முதலில் கோடோவின் பழைய 3-ஆம் பதிப்பில் செய்தோம். 'வெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வராமல் வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'பு' ஒட்டாமல் பகரம் தனி, உகரக் குறி தனி. எழுத்துருதான் பழுது என்று நினைத்து ஏழெட்டு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தோம்.

பழுது எழுத்துருவில் இல்லை. யூனிகோடில் 'வெ' என்பது முதலில் வகரம், பிறகு எகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது குறியை முன்னால் கொண்டுவருவது எழுத்தமைப்பு மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யாத எஞ்சின், சேமித்த வரிசையிலேயே அச்சடித்துவிடும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4.0-இல் இதற்கான எழுத்தமைப்பு உள்ளேயே சேர்க்கப்பட்டது. பதிப்பை மாற்றியதும் புலி ஒழுங்காக வென்றது.

எந்த எஞ்சினாக இருந்தாலும் முதல் நாளே 'கொக்கு', 'பௌர்ணமி', 'புலி வென்றது' மூன்றையும் திரையில் போட்டுப் பாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், அதன் திறந்த உரிமம் கேமுடன் சேர்த்து வெளியிடவும் அனுமதிக்கிறது. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளமானவை, பட்டன்களை அகலமாக வையுங்கள்.

கைடு 'இதில் என்ன புதுமை? எந்த பேஸ் பேப்பர் (அடிப்படையான ஆய்வுக் கட்டுரை)?' என்று கேட்கிறார். என்ன சொல்வது?

'விளையாட்டா? வேறு டாபிக் எடு' என்று கேட்காதவரை அவர் நல்லவர்தான்.

கேமுக்குள் கணினி அறிவியல் நிறைய இருக்கிறது, அதை வெளியே எடுத்துக் காட்டுங்கள். எங்கள் கேமில் கணினியே எதிராளியாக ஆடும். அதற்கு மினிமேக்ஸ் முறையும் ஆல்ஃபா-பீட்டா வெட்டும் பயன்படுத்தினோம்: நான் இங்கே நகர்ந்தால் எதிராளியின் சிறந்த பதில் என்ன, அதற்கு என் பதில் என்ன என்று சில படிகள் முன்னோக்கிப் பார்ப்பது மினிமேக்ஸ்; முடிவை மாற்றாத கிளைகளைப் பார்க்காமல் விடுவது ஆல்ஃபா-பீட்டா வெட்டு. மூன்று புலிகளும் அமர்ந்த பின் முதல் ஆட்டை வைக்க 20 காலி இடங்கள். இரண்டாவது ஆட்டுக்குள் கிளைகள் எவ்வளவு பெருகும் என்று கைடின் முன்னாலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். எத்தனை படி முன்னோக்கினால் ஒரு நகர்வுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, வெற்றி விகிதம் எப்படி மாறுகிறது என்று கணினியைக் கணினியோடு ஆடவிட்டு அளந்தோம். ரிப்போர்ட்டில் ஒரு முழு அத்தியாயம் அந்த அட்டவணைகளிலேயே நிறைந்தது. பேஸ் பேப்பரும் அந்தத் திசையில் தேடினால் கிடைக்கும்.

ஆனால் முதலில் இரண்டு மனிதர்கள் ஒரே போனில் ஆடும் கேமை முடித்துவிட்டுத்தான் கணினி எதிராளியைத் தொடுங்கள்.

ஒருவன் வேலையே செய்யவில்லை. என்ன செய்வது?

எல்லாரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் அந்த ஒருவனே வந்தும் கேட்பான், வேறு ஒருவனைக் குறித்து.

முதலில் அவன் ஏன் செய்யவில்லை என்று பாருங்கள். இறுதியாண்டில் நிறுவனங்கள் ஆள் எடுக்க வரும் மாதங்களில் யாருக்கும் மூளை கேமில் இருக்காது. அந்த வாரங்களைத் திட்டத்தில் இருந்தே கழித்துவிடுங்கள். சிலருக்கு வேலை புரியவில்லை, கேட்க வெட்கம். 'நீ ஒலியைப் பார்த்துக்கொள்' என்பது வேலையே இல்லை. 'ஆடு வெட்டுப்படும்போது வரும் சத்தம், வெள்ளிக்கிழமைக்குள், அரை விநாடிக்கு மிகாமல்' என்பதுதான் வேலை.

இன்னொன்றை நாங்களே தாமதமாகத்தான் உணர்ந்தோம். எங்கள் முக்கிய முடிவுகளெல்லாம் ஆண்கள் விடுதியில் இரவு பதினொரு மணிக்கு எடுக்கப்பட்டன. பெண்கள் விடுதியில் மாலை ஆறரைக்கே கதவு சாத்திவிடுவார்கள். குழுவிலேயே நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவளுக்கு மறுநாள் காலையில்தான், அதுவும் முடிவாக மட்டும், செய்தி போகும். இரண்டு வாரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை, வேலையும் செய்யவில்லை. நாங்கள் அவளை 'ஆர்வமில்லாதவள்' என்று பேசிக்கொண்டோம். பிறகு ஒரு நாள் கேன்டீனில் வைத்து நேராகவே கேட்டாள்: "நான் இந்தக் குழுவில் இருக்கிறேனா, இல்லையா?" அன்றிலிருந்து கூட்டங்கள் மதிய இடைவேளைக்கு மாறின. புலி, ஆடு இரண்டின் நகர்வு நிரலும் அவள் எழுதியதுதான். தினசரி ஆடிப் பார்த்துக் குறிப்பெடுத்தவளும் அவளே.

இத்தனைக்குப் பிறகும் ஒருவன் செய்யவில்லை என்றால், முதல் ரிவியூவுக்கு முன்பே கைடிடம் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் அது புகார்.

விளையாடிப் பார்க்க யாரிடம் கொடுக்கலாம்?

நண்பர்களிடம் கொடுத்தால் 'செம' என்பார்கள், முடிந்தது. ஆட்டம் தெரிந்த, உங்களைப் புகழ வேண்டிய தேவையில்லாத ஒருவரிடம் கொடுங்கள்.

பொங்கல் விடுமுறையில் என் நண்பன் தன் ஆச்சியிடம் போனைக் கொடுத்தான். திண்ணையில் உட்கார்ந்து சிறுவயதிலிருந்து ஆடியவர். நான்காவது நகர்விலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, புலி வளைந்தா பாயும்?"

பார்த்தால் உண்மை. எங்கள் நிரல் இரண்டை மட்டும் சோதித்தது: புலிக்குப் பக்கத்துப் புள்ளியில் ஆடு இருக்கிறதா, அந்த ஆட்டுக்குப் பக்கத்தில் காலிப் புள்ளி இருக்கிறதா. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டோம். புலி மூலையில் திரும்பி ஆட்டைத் தின்றுகொண்டிருந்தது, ஒரு மாதமாக எங்கள் யார் கண்ணிலும் படாமல்.

திருத்தம் எளிது. பக்கத்துப் புள்ளிகளின் பட்டியலைத் தூக்கிவிட்டுக் கோடுகளின் பட்டியலாக எழுதினோம். உச்சியிலிருந்து இறங்கும் 4 சாய்கோடுகள், குறுக்கே 3, அடியில் 1, பக்கவாட்டில் 2. ஆக 10 கோடுகள். ஒரே கோட்டில் அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் புலி, ஆடு, காலி என்று இருந்தால் மட்டுமே பாயலாம். நிரல் பாதியாகக் குறைந்தது. கேமின் நன்றிப் பட்டியலில் முதல் பெயர் ஆச்சியுடையது.

பக்கத்தில் நின்று 'அதை அழுத்துங்கள்' என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள்.

முடித்த பிறகு எங்கே வெளியிடுவது? செலவாகுமா?

சிறு குழுக்கள் தங்கள் கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தில் இலவசமாக ஏற்றலாம். உலாவியிலேயே ஆடும் வடிவத்தில் வைத்தால் ஓர் இணைப்பை அனுப்பினால் போதும். ப்ளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் பொதுவில் வெளியிட விடுவார்கள். வகுப்புத் தோழர்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள். கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர்.

பணம் வந்தால் எப்படிப் பங்கு, படிப்பு முடிந்த பின் நிரலை யார் பயன்படுத்தலாம் என்பதை நட்பாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

மாணவர்கள் செய்த கேம் எங்காவது போய்ச் சேர்ந்ததுண்டா?

உண்டு. அமெரிக்காவில் கேம் உருவாக்கம் கற்றுத்தரும் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-இல் செய்த நார்பாகுலர் டிராப் என்ற கேமைப் பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது. 2007-இல் வந்த போர்ட்டல் என்ற கேம் அதிலிருந்து பிறந்தது. அவர்கள் வைத்திருந்ததும் ஒரே யோசனைதான்: சுவரில் வாசல் திறந்து வேறிடத்தில் வெளியேறுவது. வீட்டில் யாராவது 'இதெல்லாம் ஒரு படிப்பா' என்று கேட்டால் இதைச் சொல்லலாம். வேலை செய்யாது, ஆனாலும் சொல்லலாம்.

வைவா நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

கேமை இரண்டு போன்களில் ஏற்றி, இரண்டையும் முழுதாக சார்ஜ் செய்து வையுங்கள். ஆட்டத்தை இரண்டு நிமிடக் காணொளியாகப் பதிவு செய்து லேப்டாப்பில் வைத்திருங்கள். ப்ரொஜெக்டர் ஒத்துழைக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அரங்கின் வைஃபையை நம்பாதீர்கள். ஸ்லைடுகளுக்கு முன் போனைத் தேர்வாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு வந்த தேர்வாளர் தேனிப் பக்கத்துக்காரர். புலியாக ஆடினார். பத்து நிமிடத்தில் இரண்டு புலிகள் அடைபட்டதும் நிமிர்ந்து, "எங்கள் ஊரில் ஆடெல்லாம் இறங்கும் வரை வெட்ட மாட்டோமே, இதில் எப்படி வெட்டுகிறது?" என்றார். நால்வர் கையெழுத்தும் போட்ட விதித் தாளை எடுத்து நீட்டினோம். படித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குத் தன் ஊர் விதியை மாற்றிவைக்க முடியுமா என்று கேட்டார். அமைப்புகளில் அதற்கு ஒரு பட்டன் வைத்திருந்தோம்.